கட்டுநாயக்காவில் இருந்து முல்லைத்தீவு: டாக்சி வேண்டாம்

வணக்கம். அம்மாவோடு இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அப்படியே டாக்சியில் முல்லைத்தீவு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வழியில் இருக்கிற வவுனியாவே கொழும்பில் இருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். விமானக் களைப்போடு இரவு ஓட்டம் அம்மாவுக்குத் தாங்காது.

நீர்கொழும்பில் தங்குங்கள், விமான நிலையத்துக்குப் பக்கம்தான். அடுத்த நாள் கொழும்பு கோட்டையில் ரயில் ஏறி வவுனியாவில் இறங்கலாம். ஆசனம் முன்பதிவு செய்துவிடுங்கள், விடுமுறை நாட்களில் நிற்கவும் இடம் கிடைக்காது.

வவுனியாவில் முல்லைத்தீவு பஸ் ஏறும்போது மாங்குளம் வழியா, நெடுங்கேணி வழியா என்று கேட்டு ஏறுங்கள். மாங்குளத்தில் இறங்கினால் முறிகண்டிப் பிள்ளையாரையும் பார்த்துவிடலாம். கோயில் ஏ9 வீதியில் இன்னும் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. அந்த வழியால் போகிற வாகனங்கள் அங்கே நிற்காமல் போவது அபூர்வம். இறங்கி, தேங்காய் உடைத்து, கடையில் சூடான கச்சான் (வேர்க்கடலை) வாங்கிக்கொண்டுதான் எல்லோரும் ஏறுவார்கள். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் இருக்கிற வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வைகாசிப் பொங்கலன்று போவதென்றால் தங்குமிடத்தை இப்போதே பேசி வையுங்கள், சனம் அள்ளும். ஓட்டோவுக்கு ஏறமுன் விலை பேசுங்கள்.

அப்புறம் ஒன்று: மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள். கண்ணிவெடி முழுதாக எடுத்து முடியாத காணி அது.