டேஷ்போர்டு கேள்வி பதில்: நம்பரைப் பாத்து முடிவெடுக்கறவங்களுக்கு

திருப்பூர்ல பனியன் கம்பெனிங்களுக்கு எம்ஐஎஸ் ரிப்போர்ட்டும் (நிர்வாகம் பாக்கற கணக்கு அறிக்கை) டேஷ்போர்டும் (முக்கியமான நம்பரை சார்ட்டா ஒரே ஸ்கிரீன்ல காட்டறது) போட்டுக் குடுக்கறது என் வேலை. ப்ரொடக்‌ஷன், சேல்ஸ், வசூல், இந்த மூணுல எது வேணா கேளுங்க. வரி சம்பந்தமானது மட்டும் உங்க ஆடிட்டர்கிட்ட போங்க.

கேள்வி: அக்கா, டேஷ்போர்டு போடற சாஃப்ட்வேர்ல பவர் பிஐ, டேப்லோ, லுக்கர் ஸ்டுடியோ இதுல எது பெஸ்ட்? சின்ன கம்பெனி, எல்லாம் எக்செல்லதான் இருக்கு.

பதில்: எக்செல்லயே பைவட் (டேட்டாவைத் தொகுத்துக் காட்டற டேபிள்) போட்டு ஸ்லைசர் (வேணுங்கறதை மட்டும் பிரிச்சுக் காட்டற பட்டன்) வெச்சு ஆரம்பிங்க தம்பி. ஓனர் அதை தினமும் தொறந்து பாக்கறாரான்னு கொஞ்ச நாள் கவனிங்க, பாக்கறார்னா அப்புறம் பவர் பிஐ போகலாம். அதோட டெஸ்க்டாப் வெர்ஷன் ஃப்ரீ, ஆனா நாலு பேருக்கு முறையா ஷேர் பண்ணணும்னா லைசென்ஸுக்கு காசு. டேட்டா கூகுள் ஷீட்ல இருந்தா லுக்கர் ஸ்டுடியோ (2022 வரைக்கும் டேட்டா ஸ்டுடியோன்னு இருந்துச்சே அதான்) ஃப்ரீயாவே போதும்.

கேள்வி: மேடம், எங்க எம்டி எல்லாமே ஒரே ஸ்கிரீன்ல வேணும்ங்கறார். இப்பவே 30 சார்ட் இருக்கு, ஆனா மீட்டிங்ல யாரும் அதைப் பாத்துப் பேசறதில்ல.

பதில்: ஒவ்வொரு சார்ட்டையும் அவர்கிட்ட காட்டி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "இந்த நம்பர் நாளைக்கு குறைஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க, என்ன செய்யச் சொல்லுவீங்க?" பதில் வரலைன்னா அந்த சார்ட்டைத் தூக்கிடுங்க. கார்மென்ட்ஸ்ல கண்டிப்பா மிஞ்சறது எதுன்னா, ஷிப்மென்ட் தேதிக்குப் பின்தங்கி ஓடுற ஆர்டர் லிஸ்ட். தேதி தப்பிச்சுன்னா கப்பல்ல போக வேண்டியது ஏர்ல போகும், அந்த ஃப்ரைட் (சரக்குக் கட்டணம்) நம்ம தலையில விழும், அந்த ஆர்டர்ல லாபமே கரைஞ்சு போயிடும். அதை பத்து நாள் முன்னாடியே பாத்தா ஓவர்டைம் போடலாமா, வெளிய ஜாப் ஒர்க் குடுக்கலாமா, பையர்கிட்ட தேதி கேக்கலாமான்னு முடிவெடுக்க வழி இருக்கு. ஷிப்மென்ட் அன்னிக்கு சிவப்பு கலர்ல காட்டி என்ன பிரயோஜனம்? அடுத்தது வெட்டின பீஸுக்கு ஷிப்மென்ட்ல ஏத்தின பீஸ் எவ்ளோ. இது குறைஞ்சா துணி எங்க போச்சுன்னு கேக்க ஆள் இருக்கணும்.

அப்புறம் ஒண்ணு, இதை இன்னிக்கு பூரா சொல்லிட்டே இருப்பேன்: ஒவ்வொரு நம்பருக்கும் அர்த்தம் எழுதி வைங்க. சேல்ஸ்னா ஜிஎஸ்டி சேத்தா சேக்காமயா? ரிட்டர்ன் கழிச்சா கழிக்காமயா? பில் தேதியா, சரக்கு போன தேதியா? அக்கவுண்ட்ஸ் ஒண்ணு சொல்லி மார்க்கெட்டிங் ஒண்ணு சொன்னா மீட்டிங் முழுக்க அந்த சண்டையிலயே போயிடும்.

கேள்வி: தையல் லைன் எஃபிஷியன்ஸி எல்லா லைனையும் ஆவரேஜ் போட்டா 45 சதவீதம் வருது, ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மென்ட் 54ங்கறாங்க. யாரு ரைட்?

பதில்: அவங்கதான். செஞ்ச பீஸை ஒரு பீஸுக்கான சாம் நிமிஷத்தால (ஒரு பீஸ் தைக்க இவ்ளோ நேரம்னு கணக்குப் போட்டு வெச்சது) பெருக்கி, வேலை செஞ்ச மொத்த நிமிஷத்தால வகுக்கறதுதான் எஃபிஷியன்ஸி. 30 டெய்லர், 480 நிமிஷம்னா 14,400. சாம் 12ல 600 பீஸ் வந்தா 7,200. அப்ப 50 சதவீதம். உங்க கேஸ்ல என்ன நடந்திருக்கும்னா, 40 பேர் லைன் 60ல ஓடுது, 10 பேர் லைன் 30ல ஓடுதுன்னு வைங்க, நேரா ஆவரேஜ் போட்டா 45, ஆள் கணக்கு சேத்தா 54. சதவீதத்தை எப்பவும் ஆவரேஜ் போடாதீங்க, மேல இருக்கறதைத் தனியா கீழ இருக்கறதைத் தனியா கூட்டிட்டு கடைசியா வகுங்க. இன்னொண்ணு, புது ஸ்டைல் ஏறின மொத ரெண்டு மூணு நாள் எஃபிஷியன்ஸி இறங்கத்தான் செய்யும், ஸ்டைல் மாறின தேதியை கிராஃப்ல ஒரு கோடா போட்டுடுங்க, இல்லைன்னா சூப்பர்வைசருக்கு தேவையில்லாம திட்டு விழும்.

கேள்வி: டேப்லோ படிக்கலாமா பவர் பிஐ படிக்கலாமா?

பதில்: டூல் பத்தி மேல சொல்லிட்டேன். மொதல்ல எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்லருந்து டேட்டா எடுக்கற மொழி) படிங்க.

கேள்வி: ஃப்ளோர்ல பெரிய டிவி வெச்சு சூப்பர்வைசர் பேரோட லைன் ரேங்க் காட்டலாமா?

பதில்: இந்த மணிக்கு டார்கெட் எவ்ளோ, ஆனது எவ்ளோ, அது காட்டுங்க. பேர் போட்ட ரேங்க் வேணாம்.

அதே ஆள்: எங்க யூனிட்ல ரேங்க் போட்டதுக்கப்புறம் அவுட்புட் ஏறிருக்கு மேடம். நீங்க தியரி பேசறீங்க.

பதில்: அவுட்புட் ஏறினது சரி சார், டிஹெச்யூவும் (நூறு பீஸுக்கு எத்தனை குறைங்கற கணக்கு) ரீ ஒர்க்கும் அதே வாரத்துல எங்க போச்சுன்னு பக்கத்துல வெச்சுப் பாத்தீங்களா? அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் ஒரு கஸ்டமருக்கு எத்தனை அக்கவுண்ட் வித்தோம்ங்கற நம்பரை வெச்சு பிராஞ்ச் பிராஞ்சா நெருக்குனாங்க. நம்பர் பிரமாதமா ஏறுச்சு. 2016ல பாத்தா கஸ்டமருக்கே தெரியாம லட்சக்கணக்குல அக்கவுண்ட் தொறந்திருக்காங்க, 18.5 கோடி டாலர் அபராதம், 5,000 பேருக்கு மேல வேலை போச்சு, 2020ல இன்னொரு 300 கோடி டாலர் கட்டுனாங்க. அங்க டேஷ்போர்டு சரியாத்தான் காட்டுச்சு, ஆனா எந்த நம்பரைப் பாத்து மிரட்டினாங்களோ அந்த நம்பர்தான் வந்துச்சு.

இன்னொருத்தர்: நான் சூப்பர்வைசர்ங்க. ரேங்க் வந்ததுலருந்து கஷ்டமான ஸ்டைல் எங்க லைனுக்கு வேணாம்னு தினமும் சண்டை. டீ-ஷர்ட்டுன்னா எல்லாரும் எடுத்துக்கறாங்க, ஜிப் வெச்ச ஜாக்கெட்டுன்னா யாரும் தொட மாட்டேங்கறாங்க.

பதில்: இதைத்தான் சொல்றேன், நல்லா சொன்னீங்க அண்ணா. லைன் ரேங்க் ஏறுது, அங்க ஆர்டர் லேட்டாகுது.

ரேங்க் பத்தி மொதல்ல கேட்டவர்: அப்ப இன்சென்டிவ் எதை வெச்சுதான் குடுக்கறது?

பதில்: இது நியாயமான கேள்வி சார். செக்கிங்ல மொத தடவையே பாஸான பீஸ் மட்டும் எண்ணுங்க. அந்த லைனை அதோட பழைய நம்பரோட ஒப்பிடுங்க, பக்கத்து லைனோட வேணாம். ரெண்டு மாசம் செஞ்சு பாத்துட்டு டிஹெச்யூவோட வந்து சொல்லுங்க, உங்க பக்கம் சரின்னா ஒத்துக்கறேன்.

கேள்வி: பார் சார்ட் 90 லட்சத்துல ஆரம்பிச்சா வித்தியாசம் நல்லாத் தெரியுது, தப்பா?

பதில்: தப்பு. 92 லட்சத்துக்கும் 95 லட்சத்துக்கும் உண்மையில ஒரு மூணு சதவீதம்தான் வித்தியாசம், உங்க படத்துல ரெண்டு மடங்குக்கு மேல தெரியும். பாரோட நீளத்தைத்தான் கண்ணு படிக்குது, அதனால சைபர்ல ஆரம்பிக்கணும். சின்ன ஏத்த இறக்கம் காட்டணும்னா லைன் சார்ட் போடுங்க, அதுக்கு சைபர் கட்டாயம் இல்ல.

கேள்வி: ஈரோட்டுல ஜவுளிக்கடை. போன வருஷ அக்டோபரோட கம்பேர் பண்ற சார்ட்டால பர்சேஸ் முடிவே தப்பாப் போகுது.

பதில்: இது ரொம்பப் பேர் மாட்டற எடம். தீபாவளி 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. 2024 அக்டோபரை 2023 அக்டோபரோட வெச்சா தாறுமாறா வளர்ந்த மாதிரி இருக்கும், நவம்பர்ல விழுந்த மாதிரி இருக்கும், ரெண்டும் பொய். கீழ் அச்சுல தேதி போடாதீங்க, "தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்"னு போடுங்க. 45 நாள் முன்னாடிலருந்து ரெண்டு வருஷத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு ஓட விட்டீங்கன்னா சேலை எப்ப நகர ஆரம்பிக்குது, ரெடிமேட் கடைசி வாரத்துல எப்படி எகிறுதுன்னு பளிச்சுன்னு தெரியும், மறு ஆர்டர் எந்த நாளோட நிறுத்தணும்ங்கறதும் அதுலயே வந்துடும். பொங்கலுக்கு இந்த வேலை தேவையில்ல, அது தேதி மாறி மாறி வராது. ஆடித் தள்ளுபடியைத் தனியாப் பிரிச்சு வைங்க, அதை சாதாரண சேல்ஸோட கலந்தா மார்ஜின் குழம்பிடும்.

கேள்வி: வசூல் டேஷ்போர்டுல காசு வந்து சேர சராசரி நாள் 38தான் வருது, ஆனா கையில காசு இல்லையே?

பதில்: சராசரி மறைக்குது. பாக்கியை 30, 60, 90 நாள்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் பெரிய அஞ்சு பார்ட்டி பேரோட போடுங்க. நாளை பில் தேதிலருந்து எண்றீங்களா, டியூ தேதிலருந்தான்னு எழுதி வைங்க, மறுபடியும் அதேதான்.

கேள்வி: ஃப்ரீயா கிடைக்கறதுல பெஸ்ட் டூல் எது அக்கா?

பதில்: மொத பதிலைப் படிங்க.

கேள்வி: டேலி அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்லருந்து டேட்டா நேரா எடுக்க முடியுமா?

பதில்: ஓடிபிசி (ஒரு சாஃப்ட்வேர் டேட்டாவை இன்னொண்ணு நேரா படிக்கற இணைப்பு) வழியா முடியும், டேலி தொறந்திருக்கணும், போர்ட் வழக்கமா 9000. ஆனா லெட்ஜர் பேரை மொதல்ல சுத்தம் பண்ணுங்க. ஒரே பார்ட்டி மூணு ஸ்பெல்லிங்ல இருந்தா மூணு பார்ட்டியாத்தான் வரும்.