அந்த இளைஞன்தானா, இல்லையா?

சென்ற இதழில் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ பற்றி நாலே வரி எழுதினேன். பாங் ஜூன் ஹோ இயக்கி 2003-இல் வந்த கொரியப் படம், தொடர் கொலைகளைத் துப்பறியும் கதை. வந்த கடிதங்களைப் பார்த்தால், போலீஸ் சந்தேகப்படும் அந்த இளைஞன்தான் கொலைகாரன் என்றும் இல்லை என்றும் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறீர்கள். அதனால் இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை. படம் பார்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்துவிட்டு, கொலைகாரன் யாரென்று சொல்லாமல் அனுப்புவது ஏமாற்று வேலை இல்லையா? – வாசகர், திருப்பூர்

படம் எடுத்தவருக்கே அப்போது தெரியாது ஐயா! கதைக்கு அடிப்படை நிஜ வழக்கு: 1986-க்கும் 1991-க்கும் இடையில் தென்கொரியாவின் ஹ்வாசாங் வட்டாரத்தில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். படம் வந்தபோதும் அந்த வழக்கு அந்தரத்தில்தான் கிடந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டியிருந்தால்தான் ஏமாற்று.

இன்னொன்று. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வருகிறது, கவனித்தீர்களா? ஸ்டேஷனில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் பெண்ணைக் கெடுத்தவன், இன்னொருவன் அவனைப் பிடித்துக்கொடுத்த அந்தப் பெண்ணின் அண்ணன். ‘முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்கிறாயே, எவன் எவன்?’ என்று துப்பறிவாளரிடம் கேட்கிறார் மேலதிகாரி. விடை சொல்லாமலே காட்சியை வெட்டிவிடுகிறார்கள். எப்படிப்பட்ட படத்துக்கு வந்திருக்கிறோம் என்று அங்கேயே சொல்லியாகிவிட்டது.

போலீஸ் பிடித்த அந்த இளைஞன் பார்க் ஹியூன் க்யூதான் கொலைகாரன். கொலை நடக்கும் மழை இரவுகளில் ரேடியோவில் ஒலிக்கிற அதே பாட்டைக் கேட்டு எழுதுகிறவன் அவன்தான். உயிர் தப்பிய பெண் சொன்ன மாதிரியே கை பெண்பிள்ளைக் கை மாதிரி மென்மையாக இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? – வாசகர், மதுரை

நானும் பல வருஷம் உங்கள் கட்சிதான். முதல் தடவை டிவிடியில் பார்த்தபோது பக்கத்தில் அக்கா வீட்டு மாமா இருந்தார். ஓய்வுபெற்ற ஏட்டு. வயல் வரப்பில் கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறுகிற காட்சிக்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “சுத்திக் கட்ட கயிறு கேட்டா அடுத்த மாசம் வரும்டா” என்றார்.

ரயில் குகைப்பாதை வாசலில் அந்த இளைஞனை மடக்குகிற காட்சி முடிந்ததும், “மாமா, அவன்தானே?” என்றேன். மாமா உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் காட்சியில், சாங் காங் ஹோ நடித்த அந்த துப்பறிவாளர், கண்ணைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிப்பதாகப் படம் முழுக்கப் பீற்றிக்கொண்டவர், அந்த இளைஞனின் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்க்கிறார். ‘தெரியலையே’ என்கிறார். பிறகு, ‘சோறெல்லாம் சாப்பிடுறியா?’ என்று கேட்கிறார். சாங் காங் ஹோ தானாகச் சேர்த்துப் பேசிய வசனமாம் அது. திட்டா, இரக்கமா, களைப்பா என்று கொரியாக்காரர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். நம் ஊர் ‘சாப்டியா’ எத்தனை அர்த்தத்துக்கு வளையும் என்று தெரிந்த நமக்கு அதில் பெரிய குழப்பம் இருக்காது.

மாமா சொன்னது இது: “ஸ்டேஷன்ல ‘தெரியல’ன்னு வாய்விட்டுச் சொன்ன ஆளை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. அவனே சொல்லிட்டான். நான் என்ன சொல்றது?”

சியோலிலிருந்து வந்த மற்ற அதிகாரியையும் பாருங்கள். ‘காகிதம் பொய் சொல்லாது’ என்று வந்தவர். அமெரிக்காவிலிருந்து டிஎன்ஏ முடிவு பொருந்தவில்லை என்று காகிதம் வந்ததும், அதையே பொய் என்று சொல்லித் துப்பாக்கியைத் தூக்குகிறார். மதுரைக்காரரே, நீங்களும் நானும் அவர் பக்கத்தில்தான் நின்றோம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா? – வாசகி, ஈரோடு

கூடவே கூடாது.

அந்தப் பையன் அப்பாவி. படத்தின் உண்மையான வில்லன் போலீஸ்தான் என்கிறேன். சரியா? – வாசகி, கும்பகோணம்

முக்கால்வாசி சரி. பூட்ஸுக்கு உறை மாட்டிக்கொண்டு உதைக்கிற அதிகாரியைப் படத்தில் வேடிக்கையாகத்தான் அறிமுகம் செய்கிறார்கள். நாம் சிரித்தும் விடுகிறோம். நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1988-இல் பதின்மூன்று வயதுச் சிறுமி தன் வீட்டு அறையிலேயே கொல்லப்பட்டாள். அதற்காக, விவசாயக் கருவிகள் பழுதுபார்க்கிற கடையில் வேலை பார்த்த ஒரு இளைஞரைப் பிடித்தார்கள். போலியோவால் கால் ஊனமானவர். அவர் சுவர் ஏறிக் குதித்ததாக வாக்குமூலம்! தூங்கவிடாமல் அடித்து வாங்கியது என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இருபது வருஷம் சிறையில் கழித்துவிட்டு 2009-இல் வெளியே வந்தார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில்.

கால் வாசியை ஏன் பிடித்து வைத்தேன் என்றால், ‘அப்பாவி’ என்று அடித்துச் சொல்லவும் படம் இடம் கொடுக்கவில்லை. அந்த இளைஞன் முகத்தில் ஏதோ ஒரு அலட்சியம் இருக்கிறது. அது என்னை இன்னமும் தொந்தரவு செய்கிறது.

2019-இல் நிஜக் கொலைகாரன் தெரிந்துவிட்டானே. இனி படத்தில் என்ன மர்மம் மிச்சம்? – வாசகர், கோவை

லீ சுன் ஜே. மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கில் 1994-இலிருந்தே சிறையில் இருந்தவன். பழைய தடயங்களின் டிஎன்ஏ பொருந்தியது, அவனும் ஒப்புக்கொண்டான். ஆனால் கொலை வழக்குக்கு அங்கே அப்போது பதினைந்து வருஷக் கெடு. அது 2006-லேயே முடிந்துவிட்டதால் அந்தக் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க வழியில்லை.

மர்மம் போயிருக்கலாம். நான் விஷயம் தெரிந்தபின் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், கடைசிக் காட்சி இப்போது இன்னும் மோசமாகத் தைக்கிறது. துப்பறிவாளர் வேலையை விட்டு வியாபாரியாகி, முதல் பிணம் கிடந்த வாய்க்காலை எட்டிப் பார்க்கிறார். ஒரு சிறுமி, கொஞ்ச நாள் முன்னால் இன்னொருத்தரும் இப்படித்தான் பார்த்தார் என்கிறாள். முகம் எப்படி என்று கேட்டால், சாதாரண முகம் என்கிறாள். அவர் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் என்றாவது தியேட்டரில் வந்து உட்காருவான், அவன் கண்ணைப் பார்க்கத்தான் அப்படி வைத்தேன் என்று பாங் ஜூன் ஹோ சொல்லியிருக்கிறார்.

அவன் தியேட்டருக்கு வரவில்லை. சிறைக்குள்ளேயே படத்தைப் பார்த்திருக்கிறான். 2020-இல், இருபது வருஷம் சிறையில் இருந்த அந்த அப்பாவியின் மறுவிசாரணையில் சாட்சிக் கூண்டில் நின்று, வெறும் சினிமாவாகத்தான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்றான்.