ஸ்டாக் குறைகிறதா? கேமரா வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் மளிகைக்கடை நடத்துகிறேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 7 லட்சம் ரிங்கிட் விற்பனை. போன டிசம்பரில் ஸ்டாக் எடுத்தபோது 14,000 ரிங்கிட் சரக்கு கணக்கில் இடித்தது. பால் மாவு, பேட்டரி, ஷேவிங் பிளேடு அதிகம் குறைகிறது. நான்கு கேமரா இருக்கிறது. இன்னும் நான்கு போடலாமா? திருடுபவர் படத்தை ஃபேஸ்புக்கில் போடலாமா? குறையைக் கடைப் பையன்களின் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பதில்: அந்த 14,000 வாங்கிய விலையா, விற்கும் விலையா என்று முதலில் பாருங்கள். விற்கும் விலை என்றால் விற்பனையில் 2 விழுக்காடு. வாங்கிய விலை என்றால் உண்மையான குறை இன்னும் அதிகம். அமெரிக்கத் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி சரக்கு இழப்பு 1.6 விழுக்காடு. அதில் வெளியாள் திருட்டு 36 விழுக்காடுதான். ஊழியர் திருட்டு 29, கணக்குக் கோளாறும் நடைமுறைத் தவறும் 27. பெரிய நிறுவனங்களின் கணக்கு அது, செந்தூலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பழியை முழுக்க வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட முடியாது என்பது தெரிகிறது.

உங்கள் சிக்கல் கேமராவின் எண்ணிக்கையில் இல்லை. கடைகளில் இருக்கும் பெரும்பாலான கேமராக்கள் சில வாரப் பதிவைத்தான் வைத்திருக்கும். பிறகு பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். பிப்ரவரியில் போன பால் மாவை டிசம்பரில் தேடினால் என்ன கிடைக்கும்? ஆகவே எண்ணுவதை வாரத்துக்கு மாற்றுங்கள். கடை முழுக்க வேண்டாம். அதிகம் குறையும் 15 பொருள் போதும். திங்கள் காலை கடை திறக்கும் முன் அரை மணி நேர வேலை. எண்ணுவது நீங்களோ வீட்டில் ஒருவரோ. அந்தச் சரக்கை அடுக்குபவர் வேண்டாம்.

நாலைந்து வாரத்தில் குறையின் வடிவமே பேச ஆரம்பிக்கும். ஒன்றிரண்டாகக் குறைந்தால் அநேகமாகப் பைக்குள் போகிறது. 12, 24 என்று மொத்தமாகக் குறைந்தால் அது ஒரு பெட்டி: லோரியிலிருந்து இறங்கவே இல்லை, அல்லது பின்வாசல் வழியாகப் போயிருக்கிறது. ரசப்பொடி 6 குறைந்து சாம்பார் பொடி 6 கூடியிருந்தால் திருட்டே இல்லை. ஒரே விலை என்பதால் கேஷியர் ஒரு பாக்கெட்டையே திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்திருக்கிறார். மூட்டை பிரித்து நீங்களே பொட்டலம் போடும் பருப்பு, மிளகாயில் சிந்தியதும் உலர்ந்ததும் உண்டு. அதைத் தனியாக எழுதி வையுங்கள். சப்ளையர் சரக்கு இறக்கும்போது அவர் சீட்டைப் பார்த்து "சரி சரி" என்று கையெழுத்துப் போடாதீர்கள். சீட்டைப் பார்க்காமல் பையன் எண்ணி எழுதட்டும், அப்புறம் ஒப்பிடுங்கள். பல கடைகளில் ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் சொன்ன மூன்று பொருளும் ஒன்றிரண்டாகக் குறைகின்றன என்றால் இடத்தை மாற்றுங்கள். நம் கடைவீடுகள் குறுகலாக, நீளமாக இருப்பவை. கல்லாவில் இருப்பவருக்குப் பின்பக்கம் தெரியாது. பிளேடும் பேட்டரியும் கல்லாவுக்குப் பின்னால் போகட்டும். பால் மாவு ஒவ்வொரு வகையிலும் இரண்டு டின் மட்டும் வெளியே இருக்கட்டும். நடு ரேக்குகள் தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு டின்னில் 20 ரிங்கிட் விலைக்கு 2 ரிங்கிட் லாபம் என்றால், ஒன்று போனால் ஈடுகட்ட 9 டின் விற்க வேண்டும். ரேக்கைக் குறைக்கும் செலவு அதற்கு முன் பெரிதல்ல.

சந்தேகப்படும் ஆள் பின்னால் பையனை அனுப்பாதீர்கள். "அக்கா, கூடை வேணுமா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டால் போதும். திருட வந்தவருக்குத் தன்னைக் கவனித்துவிட்டார்கள் என்பதே பிடிக்காது.

இருக்கும் கேமராவில் ஒன்றைக் கூரையிலிருந்து இறக்கி வாசலில் முகம் தெரியும் உயரத்தில் வையுங்கள். இன்னொன்று கல்லாவின் மேல். கேமரா நேரமும் பில் இயந்திர நேரமும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் ரத்தான பில்லை எடுத்து அந்த நிமிடம் வாடிக்கையாளர் எதிரில் நின்றாரா, அல்லது அவர் போன பிறகு பில்லை ரத்து செய்து பணத்தை எடுத்துக்கொண்டார்களா என்று பார்க்க முடியும். கியூஆர் ஸ்டிக்கரையும் தினமும் காலையில் உங்கள் போனில் ஸ்கேன் செய்யுங்கள். மேலே வேறொருவர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் பணம் அவர் கணக்குக்குப் போகும். பணம் வந்ததை உங்கள் செயலியில் பாருங்கள், வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் அல்ல.

ஃபேஸ்புக்கில் படம் வேண்டவே வேண்டாம். ஆள் மாறினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பதிவை நகலெடுத்துப் போலீஸ் புகாரோடு கொடுங்கள். கண்முன்னே திருடியவரைத் தனிநபர் பிடித்து வைக்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இடம் தருகிறது; ஆனால் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அடிப்பது, ஸ்டோர் ரூமில் பூட்டுவது, "பத்து மடங்கு கட்டிவிட்டுப் போ" என்பது எல்லாம் உங்களைக் குற்றவாளியாக்கும்.

சம்பளத்தில் பிடிப்பதும் கூடாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. யார் எடுத்தது என்று தெரியாத குறையை எல்லார் தலையிலும் பங்கு போட அதில் இடமில்லை. ஒருவர் மேல் ஆதாரம் இருந்தால் 14ஆவது பிரிவின்படி விசாரணை நடத்துங்கள். அதற்காக இரண்டு வாரம் வரை இடைநீக்கம் செய்யலாம், அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். தவறு செய்யவில்லை என்று தெரிந்தால் நிறுத்திய மீதியையும் கொடுத்துவிட வேண்டும்.