லேசான கற்றல் குறைபாடு உள்ள குழந்தையை வால்டார்ஃப் பள்ளியில் சேர்க்கலாமா?

இரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை, ஓவியம், கைவேலை, கதை வழியே நிதானமாகச் சொல்லித்தரும் வால்டார்ஃப் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், ஆனால் பள்ளியை மாற்றினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மகளைப் புதுச்சேரி அருகே வால்டார்ஃப் முறையைத் தழுவிய ஒரு சிறு பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். யு.கே.ஜி.யில் டிக்டேஷனுக்குப் பயந்து, காலையானால் வயிற்றுவலி என்று அழுதவள், அங்கே தேன்மெழுகு வண்ணக்கட்டியால் வரைந்தும், நூல் பின்னியும், ஒரே பாடத்தில் மூன்று நான்கு வாரங்கள் ஊறியும் பயம் தெளிந்தாள். அதற்காக அப்பள்ளிக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிக்கல் வாசிப்பில்தான். 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய இம்முறையில், எழுத்துக் கல்வி ஏறக்குறைய ஏழு வயதில்தான் முறையாகத் தொடங்கும். டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள குழந்தையின் சிரமம் இந்தத் தாமதத்தில் கண்ணில் படாமலே போகலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதியதால் என் மகளின் நோட்டில் பிழையே இருக்காது. வீட்டில் 'கொடி' என்று எழுதச் சொன்னால், கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் போடுவாள். 'தொடு', 'தோடு' இரண்டையும் ஒன்றாகவே வாசிப்பாள். "கொஞ்சம் பொறுங்கம்மா, நேரம் வந்தா தானா வாசிப்பா" என்றார் ஆசிரியை. தானாக வரவில்லை. சிறப்புக் கல்வியாளர் ஒருவர் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, தினமும் சிறிது சிறிதாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வந்தது.

வால்டார்ஃபைக் குறைசொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இதே போன்ற குழந்தைகளைச் 'சோம்பேறி' என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பும் மெட்ரிக் பள்ளியையும் பார்த்தவள் நான். அங்கே கட்டிய கட்டணத்துக்கு அந்தப் பட்டம் ஒன்றுதான் மிச்சம்.

எந்தப் பள்ளியானாலும், எட்டு வயதை ஒட்டி முறையான மதிப்பீடு செய்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். சிறு வகுப்புகளில் தேர்வே இல்லாத பள்ளியில் இருக்கும்போது இதைத் தள்ளிப்போடத்தான் தோன்றும். சேர்க்கும் முன், வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தனியாக யார், எந்த முறையில் சொல்லித்தருவார் என்று கேளுங்கள். "குழந்தையை நம்புங்கள்" என்பது மட்டுமே பதிலானால், வெளியே தனிப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள்.