ஓட்டக் களம்: முதல் மாரத்தான் ஓடப்போகிறவர்களுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதல் முழு மாரத்தானைப் பற்றியவை. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். ஆனாலும் 42.195 கிலோமீட்டரை நானே ஓடிப் பார்த்தது 49 வயதில்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எத்தனை விஷயங்களை என் உடம்புக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன் என்பது அன்றைக்குப் புரிந்தது. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

டீச்சர், எனக்கு வயது 36. ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தினமும் 5 கி.மீ. தூரத்தை 28 நிமிடத்தில் ஓடுகிறேன். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓட ஆறு மாதப் பயிற்சி போதுமா?
— வாசகர், மதுரை

போதும், வேகத்தைக் குறைக்கச் சம்மதித்தால். நீங்கள் தினமும் ஒரே தூரத்தை ஒரே வேகத்தில் மூச்சிரைக்க ஓடி முடிக்கிறீர்கள் என்று தெரிகிறது. உடம்பு அதற்குப் பழகிப்போய் அங்கேயே நின்றுவிட்டது. நாளையிலிருந்து வாரம் நான்கு நாள் ஓடினால் போதும். மூன்று நாள் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், அல்லது அதைவிட மெதுவாக. பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்றைய கடைக் கணக்கை முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிய வேண்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். 7 நிமிட வேகத்தையே கடைசிவரை காப்பாற்றினால் 4 மணி 55 நிமிடத்தில் மாரத்தானை முடித்துவிடுவீர்கள். முதல் தடவைக்கு அது அருமையான நேரம்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாண்களுக்கும் பல மாதங்கள் வேண்டும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் மூன்றாவது மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று வந்து நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை 8 கி.மீ.யில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேறவிடுங்கள். நடுவில் ஓர் அரை மாரத்தான் ஓடிப் பாருங்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 30 அல்லது 32 கி.மீ. ஓடினால் போதும். அதற்குப்பின் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த மூன்று வாரமும் கால் துறுதுறுவென்றிருக்கும், கூட்டி ஓடிவிடாதீர்கள்.

தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறவராக இருந்தால் ஒரு நாள் இடப்பக்கமாக, ஒரு நாள் வலப்பக்கமாகச் சுற்றுங்கள். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு காலுக்கே பாரம் சேரும். இன்னொன்று, சென்னைக் காற்றின் ஈரம் மதுரைக்காரருக்குப் புதிது. ஜனவரி அதிகாலையிலும் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. பந்தயத்தன்று முதல் 10 கி.மீ. தூரத்தை மதுரை வேகத்தைவிடக் குறைத்தே ஓடுங்கள்.

அக்கா, எனக்கு 41 வயது. இரண்டு பிள்ளைகள். இரண்டு அரை மாரத்தான் முடித்துவிட்டேன். முழு மாரத்தான் என்றதும் மாமியார், "கர்ப்பப்பை இறங்கிவிடும், வேண்டாம்மா" என்கிறார். கோபத்தில் அல்ல, பயத்தில். என்ன பதில் சொல்வது?
— வாசகி, கரூர்

உங்கள் மாமியாரின் பயத்தை உலகமே ஒரு காலத்தில் பயந்தது, தங்கையே. 1967ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் சுவிட்சர் என்ற இளம்பெண் பந்தய எண்ணுடன் ஓடியபோது, நிர்வாகி ஒருவர் ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில்கூடப் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 1,500 மீட்டர்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் பெண்கள் மாரத்தான் சேர்க்கப்பட்டது. ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி வென்றார். பிற்பாடு அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானார். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

கர்ப்பப்பை ஓடுவதால் கழன்று வருவதில்லை. ஆனால் அவர் சொல்வதை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு இடுப்படித் தசைகள் தளர்ந்திருக்கலாம். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோலக் கனம் தெரிந்தாலோ, முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அந்தத் தசைகளுக்கென்றே பயிற்சிகள் உண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டத்தையே விட்ட பெண்களை நான் அறிவேன். அதை நினைத்தால் இன்றும் மனம் தாங்கவில்லை. ஹீமோகுளோபினுடன், உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவை வைத்துக்கொண்டு சோம்பல் என்று தன்னையே திட்டிக்கொள்கிற பெண்கள் நம்மில் ஏராளம். பயிற்சி கூடும்போது மாதவிலக்கு நின்றாலோ தள்ளிப்போனாலோ, ஓடும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம், கவனியுங்கள்.

25 கி.மீ. வரை நன்றாக ஓடுகிறேன். அதற்கு மேல் கால் கட்டையாகிவிடுகிறது. தண்ணீர் நிறையத்தான் குடிக்கிறேன். ஓடும்போது சாப்பிடவென்று கடையில் விற்கும் இனிப்பு ஜெல் வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

தசைகளிலும் ஈரலிலும் நாம் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 60 கலோரி செலவாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 கி.மீ. தாண்டும்போது கிடங்கு காலி. தொடக்கத்தில் வேகமாக ஓடினால் அதற்கு முன்பே காலியாகும். பசி எடுக்கும்வரை காத்திருக்காமல் முதல் 45 நிமிடத்திலிருந்தே சாப்பிடத் தொடங்க வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பல ஜெல் பொட்டலங்களிலும் அவ்வளவுதான். நான் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தில் உப்புத் தடவி இடுப்புப் பையில் வைத்துக்கொள்கிறேன். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். கடலைமிட்டாய் வேண்டாம், ஓடும்போது மென்றால் புரையேறும்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. என் முதல் மாரத்தானில் தாகம் எடுத்ததோ இல்லையோ, தண்ணீர் கொடுத்த இடத்தில் எல்லாம் இரண்டு டம்ளர் குடித்தேன். உப்பு ஒரு கல்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. 32 என்று எழுதிய பலகை அருகே வந்தபோது குமட்டியது. தலை கனத்தது. கை விரல்கள் உப்பி, மோதிரம் சதையில் புதைந்து, திருப்பினால் அசையவில்லை. என் கறுப்புச் சட்டையில் மார்பிலிருந்து இடுப்புவரை வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். உடம்பில் இருக்க வேண்டிய உப்பு சட்டையில் இருந்தது. அங்கே நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு, நீட்டிய தண்ணீரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எலுமிச்சைத் துண்டை உப்பில் அழுத்தித் தொட்டு என் வாயில் வைத்தாள். "ஆன்ட்டி, இப்போதைக்குத் தண்ணீர் குடிக்காதீர்கள், உட்காருங்கள்" என்றாள். அவள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். மூன்று கிலோமீட்டர் நடந்து, பிறகு ஓடி, 5 மணி 41 நிமிடத்தில் முடித்தேன்.

உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். முற்றினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள். உப்புச் சேருங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம். நீண்ட ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம்.

விலை உயர்ந்த ஷூ இல்லாமல் ஓட முடியாதா?
— வாசகர், நாகர்கோவில்

வெறுங்காலுடன் ஓடிப் புகழ்பெற்ற நம் நாட்டு ஓட்டக்காரர் சிவநாத் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆம் இடம் பிடித்தார். ஆனால் அது சிறு வயதிலிருந்தே பழகிய கால். நமக்கு ஷூ வேண்டும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கால் சற்று உப்பியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். புது ஷூவைப் பந்தயத்தன்று முதன்முதலாகப் போடவே கூடாது.

முழங்கால் வலி வராமல் இருக்க, பந்தயத்துக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், திருப்பூர்

கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. நீர் வற்றிய உடம்பில் அது ஆபத்து. வலி இருந்தால் ஓடாதீர்கள், அடுத்த ஆண்டும் ஜனவரி வரும்.

அப்பாவுக்கு 61 வயது. முதல் முழு மாரத்தான் ஓடப்போகிறார். குடும்பத்தோடு எல்லைக்கோட்டில் நின்று வரவேற்கலாம் என்றிருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?
— வாசகி, தாம்பரம்

இதய மருத்துவரிடம் காட்டிவிட்டாரா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. டிரெட்மில் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

எல்லைக்கோட்டில் கைதட்ட ஆயிரம் பேர் இருப்பார்கள், அம்மா. நீங்கள் 32ஆவது கிலோமீட்டரில் நில்லுங்கள். சாலைகளை மூடிவிடுவார்கள், அதனால் விடியும் முன்பே போய்விடுங்கள். வெளியாள் எதையாவது கொடுக்கலாமா என்று பந்தய விதிமுறையை முன்னதாகப் படித்துக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் பத்து கிலோமீட்டர் கொஞ்ச தூரம் அல்ல. பத்தடி கூடவே நடந்து ஏதாவது கேள்வி கேளுங்கள், பேரன் எந்த வகுப்பு என்பது போல. பதில் தெளிவாக வந்தால் போகவிடுங்கள். குழறினாலோ, தள்ளாடினாலோ, அவர் எவ்வளவு மறுத்தாலும் ஆம்புலன்ஸுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

முதல் மாரத்தானில் என் கணவர் எனக்காக எல்லைக்கோட்டில்தான் காத்திருந்தார். நடந்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து சொன்னேன். மறு ஆண்டு 32ஆவது கிலோமீட்டரில், உப்புப் போட்ட நீர்மோரும் ஈரத் துண்டுமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. என் இடது கையை எடுத்து மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். அது சுழன்றது. "சரி, போ" என்றார்.