பசும்பால் முதலில், ராத்திரிப் பால் பிறகு

கேள்வி: குழந்தைக்கு ஒரு வயது முடிந்தது. பசும்பால் கொடுத்தால் துப்புகிறது. ராத்திரி மூன்று, நான்கு முறை எழுந்து பால் கேட்கிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். புதுப் பாலுக்கு முகம் சுளிக்கிற பிள்ளையிடம் அன்று ராத்திரியே பழைய பாலையும் மறித்தால், அது எதற்காக அழுகிறது என்று உங்களுக்கே புரியாது. முதலில் பகலில் பசும்பால். அது வயிற்றுக்கு ஒத்துக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள் ஆன பிறகு ராத்திரியில் கை வையுங்கள். தாய்ப்பாலை அடியோடு மறக்கடிக்க வேண்டும் என்பதும் இல்லை. 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

எந்தப் பால்? ஆடை நீக்காத முழுப் பால், 2 வயது வரை. பச்சைப் பால் ஆகாது. காய்ச்சியதாகவோ பாஸ்டரைஸ் செய்ததாகவோ இருக்கட்டும். தண்ணீர் கலந்தால் வயிறு நிறையும், சத்து சேராது. சர்க்கரையும் வேண்டாம்.

120 மில்லி என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு மூன்று நாள் 90 மில்லி பழகிய பால், 30 மில்லி பசும்பால். பிறகு பாதிக்குப் பாதி. பிறகு 30க்கு 90. கடைசியில் முழுக்கப் பசும்பால். ஃபார்முலா குடிக்கிற பிள்ளை என்றால், டப்பாவில் போட்ட அளவுப்படி தண்ணீரில் கரைத்துவிட்டு, அதன்பின் பசும்பாலோடு கலக்க வேண்டும். பவுடரை நேராகப் பசும்பாலில் கரைப்பது தவறு. கலவை அளவுக்கு மீறிக் கெட்டியாகி, சிறுநீரகத்துக்குச் சுமையாகும். பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் கையில் இல்லையென்றால் 30 மில்லி வெறும் பசும்பாலில் தொடங்குங்கள்.

துப்புவதற்கு ருசி மட்டும் காரணமில்லை. தாய்ப்பால் உடம்புச் சூட்டில் வருகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் நாக்கில் சுரீரென்று படும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடோ குளிரோ தெரியாத பதத்தில் கொடுத்துப் பாருங்கள். டம்ளரிலோ ஸ்ட்ராவிலோ கொடுங்கள். இந்த வயதில் புதிதாக ஃபீடிங் பாட்டிலைப் பழக்கினால், அதை நிறுத்த இன்னொரு போராட்டம். அப்படியும் குடிக்காவிட்டால் தயிராகக் கொடுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

முதல் தடவை காலையில் கொடுப்பது நல்லது. ஒவ்வாமை இருந்தால் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி எல்லாம் சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம் தெரிந்தால் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாளுக்கு 350 முதல் 500 மில்லி போதும். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை. பால் எவ்வளவு குடித்தாலும் நல்லதுதானே என்று 800, 900 மில்லிக்குப் போகிற வீடுகளில்தான் ரத்தசோகையும் மலச்சிக்கலும் வருகின்றன. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதோடு, சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், பசியையும் அடைத்துவிடும். சாப்பாட்டுக்கு முன் பால் வேண்டாம்.

இனி ராத்திரி. எழுவது பசிக்கா, பழக்கத்துக்கா? தாடை நன்றாக இறங்கி, ‘மடக் மடக்’ என்று விழுங்குகிற சத்தம் தொடர்ந்து கேட்டால் குழந்தை உண்மையில் குடிக்கிறது. ஒரு நிமிடத்தில் சத்தம் நின்று, உதடு மட்டும் படபடவென்று சப்பினால் அது தூக்கத்துக்கான சப்பல். ராத்திரி நிறையக் குடித்தால் காலையில் பசிக்காது. பகலில் சாப்பிடாததால் ராத்திரி பசிக்கும். இந்தச் சுற்றை உடைக்க மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு சிறு தீனியும் முதலில் ஒழுங்குக்கு வர வேண்டும்.

படுப்பதற்கு 20, 30 நிமிடம் முன்பே, விளக்கு எரிகிற அறையில் கடைசிப் பாலைக் கொடுத்துவிடுங்கள். பிறகு அரிசி அளவு பேஸ்ட்டில் பல் தேய்த்து, கண் சொருகும் முன்பே படுக்கையில் விடுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் மேல் முன்பல்லில் தங்கிய பால் கழுவப்படாமல் சொத்தையாகும். ஈறோரம் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம்.

தாய்ப்பால் என்றால் ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்துக்குள் முடிகிற பாலை நேரடியாக நிறுத்திவிட்டுத் தட்டிக்கொடுக்கலாம். அதற்கு மேல் போவதை இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை 2 நிமிடம் குறையுங்கள். பாட்டில் என்றால் அதே கணக்கில் 20 மில்லி குறைத்து, 60க்கு வந்ததும் நிறுத்துங்கள். ஃபார்முலாவில் தண்ணீரைக் கூட்டி நீர்க்க வைப்பது குறுக்கு வழி, வேண்டாம். தாகத்துக்கு டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணீர் போதும். அம்மாவின் பால் வாசனையே குழந்தையை எழுப்பும். முடிந்தால் அந்த நாட்களில் அப்பாவோ வேறொருவரோ தூங்க வைக்கட்டும்.

இதில் பலர் செய்கிற தவறு ஒன்று: 40 நிமிடம் அழவிட்டு, மனசு தாங்காமல் கடைசியில் கொடுப்பது. ‘நீளமாக அழுதால் கிடைக்கும்’ என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும். இன்று முடியாது என்று தோன்றினால் எழுந்தவுடனே கொடுத்துவிடுங்கள், நாளை பார்த்துக்கொள்ளலாம். நாலைந்து நாள் நன்றாகத் தூங்கிவிட்டு ஒரு ராத்திரி மறுபடி அழுவதும் வழக்கம்தான்.

பால் கட்டிக்கொண்டால் வலி தணிகிற அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். முழுக்க எடுத்தால் மறுபடி ஊறும். ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

குறைமாதத்தில் பிறந்த, எடை ஏறாத பிள்ளைகளுக்கு இதையெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நடுவில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ராத்திரியிலும் தாராளமாகப் பால் கொடுங்கள். தேறிய பிறகு, விட்ட நிமிடக் கணக்கிலிருந்தே தொடரலாம்.