பேட்ஜ் ஜெர்மனி, பூட்டியது செங்கல்பட்டு: கேள்வி பதில்

கோவை: சார், பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் பார்த்து வைத்திருக்கிறேன். சென்னையில் அசெம்பிள் செய்த வண்டி என்கிறார்கள். நேரே ஜெர்மனியிலிருந்து வருவதைவிட மட்டமா?

மட்டமெல்லாம் இல்லை. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் அந்தத் தொழிற்சாலை ஓடுகிறது. எல்லாமே கப்பலில் வருவதாக நினைக்காதீர்கள். 2015-க்குப் பிறகு இஞ்சினை இங்கேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டிக் கொடுக்கிறது. மற்ற கம்பெனிகளும் உண்டு: சீட் லியர், கதவு உள்பலகை டிராக்ஸ்ல்மையர், சைலன்சர் டென்னகோ. பேர்தான் வெளிநாடு, வேலை நடப்பது உள்ளூரில்.

இத்தனை பாடும் வரிக்காகத்தான். 40,000 டாலருக்கு மேற்பட்ட முழு வண்டிக்கு 2013 பட்ஜெட்டில் சுங்க வரியை 100 சதவீதம் ஆக்கினார்கள். பிரித்துக் கொண்டுவரும் சி.கே.டி. கிட்டுக்கு 2018-ல் உயர்த்திய பிறகும் 15 சதவீதம்தான். அதே கிட்டில் இஞ்சினோ கியர்பாக்ஸோ பூட்டிய நிலையில் வந்தால் வரி ஏறிவிடும். ஸ்பேனரை யார் எங்கே பிடிப்பது என்பதைச் சுங்கத்துறைதான் தீர்மானிக்கிறது என்பேன்!

திருச்சி: சேஸி நம்பர் 'டபிள்யூ'-வில் தொடங்கினால் ஜெர்மனியில் செய்ததுதானே?

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. 'ஜே' ஜப்பான், 'டபிள்யூ' ஜெர்மனி என்று அட்டவணை இருப்பது உண்மைதான். ஆனால் முதல் மூன்று எழுத்தும் தயாரிப்பாளருக்குக் கொடுத்த அடையாளம். தென்னாப்பிரிக்காவின் ராஸ்லினில் செய்த 3 சீரிஸும் 'டபிள்யூ.பி.ஏ.' என்றே வந்தது. சேஸி நம்பரின் 17 எழுத்தில் 11-வது இடத்தைப் பாருங்கள், பெரும்பாலான கம்பெனிகள் தொழிற்சாலைக் குறியை அங்கேதான் வைக்கும்.

யாழ்ப்பாணம்: அண்ணை, ஜப்பான் வாகன் ஆர் ஒண்டு பார்த்தனான். சேசி நம்பர் 'எம்.எச்.55.எஸ்' எண்டு தொடங்குது, 17 எழுத்து இல்லை. ஏதும் சுத்துமாத்தோ?

இல்லை தம்பி. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யும் வண்டியில் மாடல் குறி, ஒரு கோடு, பிறகு வரிசை எண், அவ்வளவுதான். ஏல ஷீட்டில், அதாவது ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதித் தரும் தாளில் உள்ள எண்ணும் வண்டியில் பொறித்ததும் ஒன்றா என்று மட்டும் ஒத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் ஓடும் சுசுகி எல்லாம் ஜப்பான் சரக்கும் இல்லை, மாருதியின் ஆல்டோ இந்தியாவிலிருந்து அங்கே வந்ததுதான்.

மதுரை: ஜெர்மன் காருக்கு வாங்கிய ஸ்பேர் பெட்டியில் வேறு நாட்டுப் பெயர். போலியா?

அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கார் கம்பெனி கியர்பாக்ஸையே வெளியில் வாங்கும், பி.எம்.டபிள்யூ.வின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் இசட்.எஃப். கம்பெனியுடையது. பார்ட் நம்பர் பொருந்துகிறதா, பில் தருகிறார்களா, அதைக் கேளுங்கள்.

வேலூர்: நம்மூர் வண்டி வெளிநாட்டில் 'இம்போர்ட்டட்' ஆகிறதா?

ஆகாமல்? 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ஈகோஸ்போர்ட் மறைமலை நகரில் செய்தது. சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி குருகிராமிலிருந்து ஜப்பானுக்கே போகிறது. 2025 ஜனவரி 30-ல் அங்கே அறிவித்தார்கள். சுமார் 50,000 ஆர்டர் குவிந்ததால் பிப்ரவரி 3-ல் முன்பதிவையே நிறுத்தினார்கள்.